எரிமலைச் சரிவில் எண்ணெய்க் குளியல்

வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு வந்தவர்கள் எழுதியதை நிறைய வாசித்திருக்கிறேன். உடம்பு இளகியது, கூடவே மனமும் இளகியது என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. கோபத்தோடு போனேன், கோபத்தோடு தண்ணீரில் இறங்கினேன், கோபத்தோடு ஊர் திரும்பினேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. அன்றைக்குக் கண்ணில் பட்டவர்கள் எல்லார் மேலும் இருந்தது, இப்போது ஒரே ஆள் மேல் நிற்கிறது. அந்த ஆள் நான்தான்.

முதலில் செய்த குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊற்றைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் ஒரே காரணம் அதுதான்.

போடிநாயக்கனூரில் எங்கள் குடும்பத்துக்கு வயலும் தோப்பும் உண்டு. போடிமெட்டுக்கு ஏறும் சரிவில் ஏலத்தோட்டமும் உண்டு. மதுரையில் பட்டம் வாங்கிவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டத்தைப் பார்க்க மேலே போனேன். ஏலக்காயைப் பறித்த அன்றே உலரப் போட்டாக வேண்டும். உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்போம். சுவருக்கு வெளியே அடுப்பு இருக்கும். அதன் சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே ஓடும், குழாய்க்கு மேலே தட்டுத் தட்டாகக் காய் பரப்பியிருக்கும். பச்சை நிறம் போகாமல் உலர்ந்தால்தான் காய்க்கு மதிப்பு. தீ மிஞ்சினால் வெளுத்துவிடும். எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்தே உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்லிவிடுவார். ஸ்டோர்க்காரர் என்று ஊரே மரியாதையாகச் சொன்ன அவரை நான் மட்டும் அவன், இவன் என்றேன்.

ஓர் ஆடி மாதம், மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவிக்கு, தோட்ட ஆட்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்கு இடுப்பிலும் முதுகிலும் நல்ல சூட்டோடு தண்ணீர் ஊற்ற வேண்டும், பல நாளைக்கு. மலை முழுக்க நனைந்து கிடந்தது, எரிக்க ஒரு சுள்ளி கிடையாது. காய்ந்த விறகு இருந்த ஒரே இடம் ஸ்டோர். அவர் விறகில் கை வைக்கவில்லை. ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த அடுப்பின் வாயில், வீணாக வெளியே வரும் அனலில், ஓர் அண்டாவை வைத்தார். காலையில் பெண்கள் வந்து மொண்டுகொண்டு போவார்கள்.

நாலாம் நாள் நான் அவரிடம் சொன்னேன்: "நாளைக்கு லாரி வருது. தீயைக் கூட்டு. வெரசா முடி."

"வேண்டாம் மொதலாளி. வெளுத்துரும். ஒரு நா பொறுங்க."

"சொன்னதைச் செய்யி. அடுப்புக்கு நீ மொதலாளியா, நான் மொதலாளியா?"

மறுநாள் காலை தட்டை இறக்கினால் காய் பழுப்பும் வெள்ளையுமாக இருந்தது. என் போதாத நேரம், அப்பா அன்றைக்கென்று கீழேயிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். ஒரு கை காயை அள்ளிப் பார்த்தார். ஆட்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"யார்றா காயைக் கெடுத்தது?"

பட்டம் படித்தவன் வாயைத் திறந்தேன். "இந்தா இவன்தான். அடுப்புல தண்ணியை வச்சிருக்கான். ஆவி பூராம் உள்ள போயிருக்கு."

அடுப்பு வெளியே, காய் உள்ளே, நடுவில் ஒன்றரை அடிச் சுவர். ஆவி எப்படிப் போகும்? அப்பா கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. சொன்ன பொய்க்குப் பலம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. காலால் அண்டாவை எத்தினேன். அது நிறையக் கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்டோர்க்காரர் இரண்டடி தள்ளி நின்றார். இரண்டு பாதத்திலும் விழுந்தது, இடது பாதத்தில் அதிகம்.

அவர் அலறவில்லை. "ஆத்தா" என்று ஒரு சொல் சொன்னார். பிறகு நடந்து போய் ஓடைத் தண்ணீருக்குள் காலை விட்டு உட்கார்ந்தார். லைன் வீட்டு வாசலில் அவர் மனைவி குழந்தையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த அம்மாவுக்குத் தண்ணீர் இல்லை.

ஒரு வாரத்தில் அவர்கள் போய்விட்டார்கள். காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, சாமானைச் சுமந்துகொண்டு. 'காயை வெளுக்க விட்டவன்' என்று நானும் அப்பாவும் போகிற இடமெல்லாம் சொன்னோம். அதற்குப் பிறகு அந்த மலையில் எந்த ஸ்டோரும் அவருக்கு அடுப்பைக் கொடுக்கவில்லை. மலையடிவாரத்தில், குரங்கணியில் லோடு தூக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் அடுப்பில் யாரும் பாத்திரம் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். பத்து வருஷம் அந்த உத்தரவு நின்றது.

எண்பதுகளின் நடுவில் போடியில் குவாத்தமாலா என்ற மத்திய அமெரிக்க நாட்டின் பெயர் ஒரு கெட்ட வார்த்தை. நம் மலையில் விளைவதுபோல அங்கேயும் ஏலம் விளைகிறது, அரபு நாட்டுக்காரர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள் என்று காயை ஏலம் விடும் கூடத்தில் தினமும் புலம்பல். நானும் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஒரு ராவுத்தரும் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று கிளம்பினோம். அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்ளே. எங்கள் பக்கத்தில் அந்த முறைக்கு ரத்தம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிளேன் மாறி மாறி ஏறினோம். மூன்றாவது பிளேனில் மாமா சொன்னார்: "ஏன் மாப்ளே, இவ்வளவு தூரம் வந்து நம்ம செடியைக் களவாங்கியிருக்கான்னா, அவனுக்கு நம்மளைவிட காய் மேல ஆசை சாஸ்தின்னுதானே அர்த்தம்?" எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்களை வரவேற்ற தோட்டம் ஓர் எரிமலையின் சரிவில் இருந்தது. மலை தூங்குகிறது என்றார்கள். ஆனால் பாறை இடுக்குகளில் புகை வந்துகொண்டிருந்தது. மாமா அண்ணாந்து பார்த்தார். "நம்ம மலையில நாமதான் அடுப்பு வைக்கணும். இவன் மலையில ஆண்டவனே அடுப்பு வச்சுக் குடுத்திருக்கான். வெறகு ஓசி. இதுக்கு மேல எங்குட்டு நாம போட்டி போடுறது?"

ஒரு சனிக்கிழமை காலை, ஆங்கிலம் தெரிந்த தோட்ட எழுத்தர் ஒருவர் எங்களை உலர்த்தும் கட்டடத்துக்குக் கூட்டிப் போனார். எல்லாம் நம் ஸ்டோர் மாதிரிதான். அடுப்பின் வாயைப் பார்த்தேன். மண்பானையும் தகர டின்னுமாக ஏழெட்டு வரிசையாக இருந்தன. ஒன்றில் சோளம் வெந்துகொண்டிருந்தது, மற்றதிலெல்லாம் தண்ணீர். வேலைக்காரப் பெண்கள் வந்து எடுத்துப் போவதும் புதிதாக வைப்பதுமாக இருந்தார்கள். யாரும் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே போய்த் தட்டைப் பார்த்தேன். காய் கிளிப்பச்சையாக இருந்தது.

அந்தப் பச்சையைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? எழுத்தரிடம் சண்டைக்குப் போனேன். "இந்தப் பானைகளை ஏன் அனுமதிக்கிறீர்கள்? காயின் நிறம் போகாதா?" அவர் புரியாமல் என்னைப் பார்த்தார், பிறகு சுவரைத் தட்டிக் காட்டினார். "அடுப்பு வெளியே இருக்கிறதே ஐயா." ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் எங்களைக் குளிர்விக்கவோ என்னவோ, மேலே ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது, போய்க் குளியுங்கள் என்று அனுப்பினார் எழுத்தர். கொஞ்ச தூரம் ஜீப், பிறகு நடை. பெரணிச் செடிகள் ஆளுயரம் வளர்ந்த ஒரு பள்ளத்தில், பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் ஒழுகிக் கல்லால் கட்டிய ஒரு தொட்டியில் விழுந்தது. தொட்டி ஒரு சின்ன அறை அளவு இருக்கும். தீக்குச்சி உரசியது மாதிரி வாடை. மேலே ஆவி, அதற்கு மேலே மஞ்சு, தலையில் தூறல். காவலுக்கு வைக்கோல் தொப்பி போட்ட ஓர் ஆள் இருந்தான். ஏதோ சொன்னான், எங்களுக்குப் புரியவில்லை. தலையாட்டினோம்.

இனி நாங்கள் செய்த காரியம். பூமியில் வேறு எந்த ஊர்க்காரனும் அதைச் செய்திருக்க மாட்டான். அன்றைக்குச் சனிக்கிழமை. எங்கள் ஊரில் ஆம்பிளைகள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். பிளேனில் ஏறி இறங்கி உடம்பு சூடாகிக் கிடக்கிறது என்று மாமா போடியிலிருந்தே ஒரு பாட்டில் நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளும் கொண்டுவந்திருந்தார்.

"மாப்ளே, இந்தத் தண்ணிக்கு எண்ணெ இல்லாமக் குளிச்சா பாவம்யா. திரும்பு, முதுகைக் காட்டு."

உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை வழிய வழியத் தேய்த்துக்கொண்டோம். அரை மணி ஊறினோம். பிறகு அப்படியே தொட்டிக்குள் இறங்கினோம். சீயக்காயைத் தலையில் வைத்துக் கரைத்தோம். தொட்டி முழுக்க எண்ணெய்ப் படலம் விரிந்தது, பழுப்பு நுரை ஓரமெல்லாம் ஒட்டியது. ஓடும் தண்ணீரிலோ கிணற்றடியிலோ குளித்துப் பழகியவர்கள் நாங்கள். தேய்த்த எண்ணெய் எங்கே போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

காவல்காரன் ஓடிவந்தான். தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். கையை ஆட்டிக் கத்தினான், எங்களை வெளியே வரச் சொன்னான். எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. "மலை குடுக்கிற தண்ணி, உங்கப்பன் வெட்டுன கெணறாடா?" என்று தமிழிலேயே கத்தினேன். நல்ல வேளை, மொழி புரியவில்லை. எங்கள் காயைப் பறித்த நாடு, எங்கள் சந்தையைப் பறித்த நாடு, இப்போது குளிக்கவும் விடவில்லை என்றுதான் நினைத்தேன்.

அப்போது ஒற்றையடிப் பாதையில் ஆட்கள் வந்தார்கள். காலையில் தோட்டத்தில் பார்த்த அதே வேலைக்காரர்கள். முதுகில் கூடை, தலையில் பிளாஸ்டிக் காகிதம். எங்கள் மலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வருவார்களே, அதே மாதிரி. வார வேலை முடிந்து, சனிக்கிழமை மத்தியானம் அந்தத் தொட்டியில் குளிக்க வருவது அவர்கள் வழக்கமாம். காவல்காரன் முதலில் எங்களிடம் சொன்னதும் அதுவாகத்தான் இருக்கும்.

அவன் அவர்களிடம் தொட்டியைக் காட்டினான். பிறகு குனிந்து அடைப்பைப் பிடுங்கினான். தண்ணீர் முழுக்கப் போய், கல்லைத் தேய்த்துக் கழுவி, மறுபடி அந்த ஒழுகல் வந்து நிறைய வேண்டும். இரண்டு மணி நேரமாவது ஆகும். அவர்கள் யாரும் எங்களைத் திட்டவில்லை. தூறலில் குந்தி உட்கார்ந்துகொண்டார்கள். பற்கள் கிட்டிக்கும் குளிர்.

மாமா வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். காவல்காரனிடம் சைகையில் ஒரு பிரஷ்ஷைக் கேட்டு வாங்கி, அவனோடு சேர்ந்து கல்லைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"மாப்ளே, எறங்கு. ரெண்டு பேரும் தேச்சா வெரசா முடியும்."

"நான் எதுக்குத் தேய்க்கணும்? முன்னாடியே ஒழுங்காச் சொல்ல வேண்டியது அவன் சோலி."

"எண்ணெ நம்மளது."

"எண்ணெ ஒங்களது மாமா. நான் கேட்டனா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து தேய்த்தார். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன்.

உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பெண்ணின் முதுகுத் துணிக்குள் குழந்தை இருந்தது. பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. கூட வந்த இரண்டு கிழவிகள் காவல்காரனிடம் ஏதோ சொன்னார்கள். அவன் தேய்ப்பதை நிறுத்திவிட்டு ஒரு பெரிய டின்னை எடுத்துக்கொண்டு பாறை வெடிப்புக்குப் போனான். நேரே பொங்கி வருகிற இடத்தில் அதைப் பிடித்தான். நிறைய நேரம் பிடித்தான். பக்கத்து ஓடையில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் டின்னைத் தூக்கிக்கொண்டு, வழுக்குப் பாறையில் ஒவ்வோர் அடியாக வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்து வந்தான். பெண்கள் ஒரு போர்வையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. கிழவிகள் பலமாக வீசி ஊற்றினார்கள். எங்கள் பக்கத்தில் இடுப்புக்கு ஊற்றுகிற அதே சத்தம்.

நான் எழுந்து பெரணிக்குப் பின்னால் போனேன். யார் கண்ணிலும் படாமல் நின்றுகொண்டேன்.

மாமா தேடிக்கொண்டு வந்தார். அங்கே வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, தீயைக் கூட்டச் சொன்னது, அப்பா கேட்டது, அண்டா, ஓடையில் வைத்த கால். நாங்கள் ஊரில் சொன்ன பொய்யை அவரும் நம்பியிருந்தார். சொல்லி முடித்தபோது, மாமா தோளில் தட்டி ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"இதை எங்கிட்ட எதுக்குய்யா சொல்றே? நான் என்ன கோயில் உண்டியலா?" என்றார். "காலு வெந்தவன் குரங்கணியில இருக்கான். நீ ஒலகத்துக்கு அந்தப் பக்கம் வந்து, தமிழ் தெரியாத ஊருல ஒளிஞ்சு நின்னு எங்கிட்ட சொல்றே. வா, வந்து கல்லைத் தேயி."

போய்த் தேய்த்தேன். அப்போதும் முனகிக்கொண்டேதான் தேய்த்தேன்.

ஊர் வந்து மூன்றாம் நாள் குரங்கணிக்கு ஜீப்பில் போனேன். ஸ்டோர்க்காரர் வீட்டு முன்னால் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். இடது பாதத்தின் தோல் சுருங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. என்னைப் பார்த்ததும் கிளறுவதை நிறுத்தவில்லை.

"வாங்க மொதலாளி. சுடுதண்ணி கொண்டாந்தீகளா?"

நின்றபடியே, பிளேனில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். "அன்னைக்குக் காய் வெளுத்தது ஒங்களால இல்லை. நாந்தான் தீயைக் கூட்டச் சொன்னேன்."

"தெரியும். அடுப்புல நின்னவனுக்குத் தெரியாதா?"

"அப்பவே அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

அவர் சிரித்தார். "சொல்லியிருந்தா அண்டாவோட விட்டிருப்பீகளாக்கும்?"

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி வெளியே வந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னேன். அந்த அம்மா அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"இங்க வந்து, எங்க வீட்டு வாசல்ல, எங்ககிட்ட சொல்றதுக்கு ஒரு ஜீப்பாக்கும்? எங்களுக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. ஸ்டோர் ஸ்டோராப் போயி இவுகளைக் காய வெளுக்க விட்டவுகன்னு சொன்னீகள்ல? அங்க போயிச் சொல்லுங்க. ஒரு அடுப்பு இவுக கைக்குத் திரும்பி வந்துச்சுன்னா, அப்பறம் வாங்க. காப்பி போட்டுத் தர்றேன்."

"சொல்றேன் ஆத்தா" என்றேன். சத்தியமாகச் சொல்வேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் போடியில் தோட்டக்காரர்கள் கூட்டம். குவாத்தமாலாவில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்க மலையிலிருந்து எல்லாரும் இறங்கி வந்திருந்தார்கள். எந்த ஸ்டோர் முதலாளிகளிடம் நான் பொய்யைச் சொன்னேனோ, அத்தனை பேரும் ஒரே கூடத்தில். அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. முன் வரிசையில் மாமா உட்கார்ந்திருந்தார்.

எழுந்து பேசினேன். எரிமலையைச் சொன்னேன், புகையைச் சொன்னேன். காயின் பச்சையைச் சொன்னேன். எண்ணெய் தேய்த்துத் தொட்டியில் இறங்கிய கதையைச் சொன்னேன். கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காவல்காரன் தொப்பியைத் தரையில் அடித்ததை நடித்துக் காட்டினேன். "அப்பறம், அப்பறம்?" என்றார்கள். அடுப்பு வாயில் இருந்த பானைகள் நாக்கு நுனிவரை வந்தன. அவ்வளவு பேர் முகத்திலும் எனக்கான சிரிப்பு இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. நன்றி சொல்லி உட்கார்ந்தேன்.

வாசலில் மாமா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "நல்லாச் சிரிக்க வச்சீக முதலாளி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சாகும்வரை என்னை மாப்ளே என்று கூப்பிடவில்லை. "வாங்க முதலாளி, போங்க முதலாளி" என்பார், எல்லாருக்கும் முன்னால், மிகுந்த மரியாதையோடு. வேறு யாருக்கும் அதில் இருந்த அடி தெரியாது.

எங்கள் தோட்டத்தில் மட்டும் கங்காணியைக் கூப்பிட்டு, "அடுப்புல தண்ணி வச்சா வச்சுக்கிறட்டும்" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் கோழைத்தனத்துக்கு நானே கொடுத்துக்கொண்ட சலுகை அது. ஸ்டோர்க்காரருக்கு எந்த அடுப்பும் திரும்பக் கிடைக்கவில்லை. காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டே அவர் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்குப் போனேன். அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் செய்தது சரி.

வயதாகிவிட்டது, நல்லவனாகிவிட்டான் என்று என்னைப் பற்றி ஊரில் பேசிக்கொள்கிறார்கள். கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. நடக்க முடியாதவன் யாரை எத்த முடியும்?

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள், மற்றவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்றைக்கு "அப்பறம்?" என்று கேட்டார்கள் அல்லவா, இதுதான் அப்புறம். அடுப்பு வாயில் அண்டா வைத்தால் காய் வெளுக்காது. அந்த ஆடி மாதம் எங்கள் ஸ்டோர்க்காரர் தீயைக் கூட்ட வேண்டாம் என்று சொன்னார். கூட்டச் சொன்னவன் நான். காயை வெளுக்க விட்டவன் நான்.